ஏட்டிலிருந்து கணிப்பொறிக்கு

பழைய வீட்டை விட்டுப் புதிய வீட்டிற்குக் குடிபெயர்வோரை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். முன்னரே எண்ணிச் செயற்படுவோர், எந்த அறையில் எந்தப் பொருள் இருக்கவேண்டும் என்று முதலில் முடிவு செய்வர். உடையக்கூடியவற்றை வைக்கோலில் பொதிந்து கட்டுவர். ஒவ்வொரு பெட்டியின்மேலும் உள்ளே இருப்பது இன்னது என்று எழுதி வைப்பர். பழைய வீட்டைப் பூட்டுமுன் மூலைமுடுக்கெல்லாம் ஒருமுறை நோக்குவர். எண்ணாமல் புறப்படுவோரோ கைக்கு எட்டியவற்றையெல்லாம் வண்டியில் அள்ளிப் போடுவர். அவர்களுடைய புதிய வீடு பெரியதாக இருக்கும், அழகாகவும் இருக்கும். ஆனால், முதல்நாள் இரவு விளக்கேற்றத் தீப்பெட்டி எங்கே என்று தெரியாது. நிலத்தின் பத்திரம் எந்தப் பெட்டியில் போயிற்று என்பது ஓராண்டு சென்றும் விளங்காது.

இன்று உலகெங்கும் உள்ள அறிவியல் ஆய்வுக்கூடங்கள் இத்தகைய குடிபெயர்ச்சியில் ஈடுபட்டுள்ளன. ஏட்டில் எழுதிய அளவீடுகள் கணிப்பொறிக்குச் செல்கின்றன. ஒளிப்படத் தகடுகள் எண்களாக மாற்றப்படுகின்றன. மனிதர் கண்ணால் பார்த்துக் கையால் குறித்த அளவுகளைக் கருவிகளே குறித்துக்கொள்கின்றன. இதனை எண்ணிம மாற்றம் என்பர். எழுத்து, படம், ஒலி, அளவு ஆகிய யாவற்றையும் எண்களாக்கிக் கணிப்பொறியில் சேர்த்துக் கையாளும் முறை என்பது இதன் பொருள்.

இம்மாற்றம் தேவையானது என்பதில் ஐயம் இல்லை. நூறு ஏடுகளில் சிதறிக் கிடப்பதை ஒரு நொடியில் ஒன்று சேர்த்துப் பார்க்கலாம். ஒரு நாட்டில் எடுத்த அளவை மற்றொரு நாட்டில் இருப்பவர் அன்றே ஆராயலாம். கணக்கிடும் உழைப்புக் குறைந்து, சிந்திக்கும் நேரம் மிகும். ஆயினும், மாற்றம் நல்லது என்பதனாலேயே அது நன்றாக நிகழ்ந்துவிடாது. பல இடங்களில் முதலில் எழும் கேள்வி, “எந்தக் கணிப்பொறியை வாங்கலாம்?” என்பதே. அது கடைசியில் கேட்கவேண்டிய கேள்வி. ஓர் ஆய்வுக்கூடத்தின் செல்வம் அதன் கட்டடம் அன்று, கருவிகளும் அல்ல, அங்கே உண்மையாக எடுத்து, உண்மையாகக் குறித்து வைத்த அளவீடுகளே ஆகும். ஆகவே, அந்த உண்மையை வழியில் சிந்தாமல் கொண்டுசெல்வது எப்படி என்பதே முதலில் எண்ணவேண்டியது. இதனை விளக்க, நம் காலத்தில் நடந்த ஒரு வரலாற்றைக் காண்போம்.

அண்டார்க்டிகா என்னும் தென்முனைக் கண்டத்தின் ஓரத்தில், கடல்மேல் மிதக்கும் பெரிய பனித்தட்டின்மீது, ஹாலி என்னும் ஆய்வு நிலையம் இருக்கிறது. 1956ஆம் ஆண்டில் பிரிட்டன் நாட்டினர் அதனை நிறுவினர். நிலம் தெரியாத வெண்பனி. மாதக்கணக்கில் கதிரவன் தோன்றாத குளிர்காலம். அங்கே சென்றவர்கள், கதிரவன் தோன்றும் காலங்களில் எல்லாம் வானில் உள்ள ஓசோன் வளியின் அளவைக் குறித்துவந்தனர். ஓசோன் என்பது கதிரவனிடமிருந்து வரும் கொடிய புறஊதாக் கதிர்களைத் தடுத்து, உயிர்களைக் காக்கும் வளியாகும்.

அளப்பதற்கு அவர்கள் பயன்படுத்திய கருவியை 1920ஆம் ஆண்டுகளில் டாப்சன் என்னும் ஆக்ஸ்போர்டு அறிஞர் உருவாக்கினார். அக்கருவி புறஊதாக் கதிர்களில் இருவகையை ஒப்பிடும். ஒருவகையை ஓசோன் மிகுதியாக உறிஞ்சும். மற்றொருவகையைக் குறைவாக உறிஞ்சும். இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு, தலைக்குமேல் உள்ள ஓசோன் எவ்வளவு என்று கணக்கிடலாம். வானில் உள்ள ஓசோன் முழுவதையும் தரைக்குக் கொணர்ந்து, தரையில் உள்ள அழுத்தத்தில், பனிக்கட்டி உருகும் வெப்பநிலையில் ஒரு படலமாகப் பரப்பினால், அதன் கனம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் இருக்கும். அதனை 300 டாப்சன் அலகு என்று குறிப்பர். உயிர்களைக் காக்கும் கவசத்தின் கனம் அவ்வளவே!

கருவி காட்டியதை ஒருவர் பார்த்துத் தாளில் எழுதினார். தாள்கள் கப்பலேறிப் பிரிட்டனுக்குச் சென்றன. அத்தாள்களில் உள்ள எண்களைக் கொண்டு ஓசோனின் அளவைக் கண்டறிய நெடிய கணக்குகள் செய்தல் வேண்டும். ஆகவே, கணக்கிடப்படாத தாள்கள் ஆண்டுதோறும் குவிந்தன.

1977ஆம் ஆண்டில், ஜோனதன் ஷாங்க்ளின் என்னும் இளைஞர் பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆய்வு நிறுவனத்தில் பணிக்குச் சேர்ந்தார். தேங்கிக் கிடந்த தாள்களில் உள்ள எண்களைக் கணிப்பொறியில் ஏற்றுவதும், அவற்றைக் கணக்கிடுவதற்கான நிரல்களை எழுதுவதும் அவருடைய பணிகளுள் அடங்கும். பிறர் கண்ணுக்கு இது சலிப்பூட்டும் எழுத்தர் வேலையாகத் தோன்றியிருக்கும். ஆனால், அந்த வேலையிலிருந்தே இருபதாம் நூற்றாண்டின் பெரிய கண்டுபிடிப்புகளுள் ஒன்று பிறந்தது.

குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்புக் கலன்களிலும் பயன்பட்ட சில வேதிப்பொருள்கள் ஓசோனை அழிக்கக்கூடும் என்று 1974ஆம் ஆண்டிலேயே மொலினா, ரோலண்டு என்னும் அறிஞர் இருவர் எச்சரித்திருந்தனர். மக்களிடையே அச்சம் இருந்தது. 1983ஆம் ஆண்டில், பொதுமக்கள் ஆய்வு நிறுவனத்தைக் காண வரும் நாளுக்காக ஷாங்க்ளின் ஒரு வரைபடம் தயாரித்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் இருந்த ஓசோனே இன்றும் இருக்கிறது, அஞ்சவேண்டியதில்லை என்று காட்டுவது அவர் எண்ணம். வரைபடமோ அவர் எண்ணியதற்கு மாறாகப் பேசியது. தென்முனையின் இளவேனிற் காலமாகிய அக்டோபர் மாதத்தில், ஓசோனின் அளவு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தது தெரிந்தது.

அவரும் அவருடன் பணியாற்றிய ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர் ஆகியோரும் உடனே பறையறைந்துவிடவில்லை. கருவி பழுதாகியிருக்கலாம் அல்லவா? எண்களை ஏற்றியதில் தவறு நேர்ந்திருக்கலாம் அல்லவா? மூலத்தாள்கள் கையில் இருந்தன. ஆகவே கணக்கைச் சரிபார்க்க முடிந்தது. ஹாலியில் பழைய கருவிக்கு மாற்றாக வேறொரு கருவி வைக்கப்பட்டது; அதுவும் அவ்வாறே காட்டியது. அண்டார்க்டிகாவில் உள்ள மற்றொரு நிலையத்தின் அளவுகளையும் ஒப்பிட்டனர். ஐயம் நீங்கிய பிறகே, 1985ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள், ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழில் தம் முடிவை வெளியிட்டனர். முன்னர் 300 அலகு இருந்த அக்டோபர் அளவு, 1984ஆம் ஆண்டில் ஏறத்தாழ 200 அலகாகக் குறைந்திருந்தது. கவசத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமற் போயிருந்தது!

இவ்வரலாற்றிற்கு மற்றொரு பக்கமும் உண்டு. அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1978ஆம் ஆண்டில் அனுப்பிய நிம்பஸ்-7 என்னும் செயற்கைக்கோள், அதே தென்முனை வானத்தை நாள்தோறும் அளந்துகொண்டிருந்தது. அது திரட்டிய எண்கள் ஷாங்க்ளினின் தாள்களைவிடப் பன்மடங்கு மிகுதி. ஆனால், 180 அலகுக்குக் குறைந்த அளவு வந்தால் அது பிழையாக இருக்கக்கூடும் என்று குறியிடுமாறு அங்கே நிரல் அமைந்திருந்தது. அத்தகைய குறைந்த அளவை அதற்குமுன் எவரும் கண்டதில்லை. ஆகவே, உண்மையான வீழ்ச்சியின்மேல் ‘ஐயத்திற்குரியது’ என்னும் குறி விழுந்தது. கணிப்பொறி அவ்வெண்களை எறிந்துவிட்டது என்று சிலர் கூறுவதுண்டு. அது சரியன்று. எண்கள் அழிக்கப்படாமல் காக்கப்பட்டிருந்தன. அதனால், அறிஞர்கள் மீண்டும் ஆராய்ந்து, பிரிட்டன் குழுவினர் கண்டது உண்மையே என்றும், அக்குறைவு அண்டார்க்டிகா முழுவதும் பரந்துள்ளது என்றும் 1986ஆம் ஆண்டில் உறுதிசெய்தனர்.

உண்மை வெளிப்பட்டதும் உலகம் விழித்துக்கொண்டது. 1987ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் மாண்ட்ரியல் நகரில், ஓசோனை அழிக்கும் பொருள்களைக் குறைப்பதற்கான உடன்பாடு கையெழுத்தாயிற்று. பின்னர் உலக நாடுகள் அனைத்தும் அதில் இணைந்தன. ஓசோன் இப்போது மெல்லத் தேறிவருகிறது. தாள்களில் தேங்கிக் கிடந்த எண்களைப் பொறுமையோடு கணிப்பொறிக்குக் கொண்டுவந்த வேலை, உயிர்களைக் காக்கும் வேலையாக முடிந்தது.

இதிலிருந்து நாம் கற்கவேண்டியவை சில உண்டு.

முதலாவது, நோக்கத் தெளிவு. தேங்கிய அளவீடுகளை ஒழுங்காகக் கணக்கிடவேண்டும் என்பது பிரிட்டன் குழுவினரின் தெளிவான தேவை. அத்தேவைக்கு ஏற்ற நிரல் எழுதப்பட்டது. ஓர் ஆய்வுக்கூடம் மாற்றத்தைத் தொடங்குமுன், “எங்கே நம் வேலை தடைப்படுகிறது? எதைக் கண்டறிய முடியாமல் இருக்கிறோம்? எந்த ஏடு அழியும் நிலையில் உள்ளது?” என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்ளவேண்டும். அண்டைக் கூடம் வாங்கிவிட்டது என்பதற்காகப் பெரும்பொருள் கொடுத்து வாங்கிய கருவி, தேவையோடு பொருந்தாவிடின், மூலையில் தூசி படிந்து கிடக்கும்.

இரண்டாவது, பெயரும் அலகும் பிறழாமை. ஏட்டில் 25 என்று எழுதியிருந்தால், அதை எழுதியவருக்கு அது 25 கிராம் என்று தெரியும். கணிப்பொறிக்கு அது வெறும் எண். 1999ஆம் ஆண்டில் செவ்வாய்க் கோளை அடைந்த அமெரிக்க விண்கலம் ஒன்று இக்காரணத்தால் அழிந்தது. தரையில் இருந்த நிரல் ஒன்று ஆங்கிலேய முறையாகிய பவுண்டுக் கணக்கில் எண்களைக் கொடுத்தது. அவற்றைப் பெற்றுப் பயன்படுத்தியவர்கள் மெட்ரிக் முறையாகிய நியூட்டன் கணக்கில் அவற்றைக் கொண்டனர். எண்களில் பிழை இல்லை. அலகு மட்டுமே குறிக்கப்படவில்லை. பலர் பல்லாண்டு உழைத்த உழைப்பு ஒரு நாளில் மறைந்தது.

பெயர்களிலும் இத்தகைய பிழை நேரும். உயிரியல் ஆய்வில் மரபணுக்களுக்குச் சுருக்கப் பெயர்கள் உண்டு. ‘மார்ச்1’, ‘செப்ட்2’ என்பன முன்னர் அவற்றுள் சிலவாக இருந்தன. எக்செல் என்னும் அட்டவணை நிரலில் இப்பெயர்களை இட்டால், அது இவற்றை மார்ச் மாதம் முதல் நாள் என்றும், செப்டம்பர் மாதம் இரண்டாம் நாள் என்றும் தானே மாற்றிவிடும். 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, மரபணுப் பட்டியலை எக்செல் அட்டவணையாக இணைத்திருந்த கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருந்ததைக் காட்டிற்று. முடிவில், 2020ஆம் ஆண்டில், மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவினர் அப்பெயர்களையே மாற்றவேண்டியதாயிற்று. ஒரு சிறு நிரலின் பழக்கத்திற்காக அறிவியலின் சொற்களே மாறின. கருவியின் இயல்பை முன்னரே ஆராய்ந்திருந்தால் இவ்வளவு அலைச்சல் வேண்டியிருக்காது.

மூன்றாவது, சிறிதாகத் தொடங்கி ஒப்பிட்டுப் பார்த்தல். ஆழம் அறியாமல் காலை விடலாகாது என்பர் பெரியோர். ஒரே நாளில் எல்லா ஏடுகளையும் மூடிவிட்டு, மறுநாள் முதல் எல்லாம் கணிப்பொறியில்தான் என்று ஆணையிடுவது அறிவுடைமை ஆகாது. ஒரு பிரிவில் ஒரு வகை அளவீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, சில மாதங்கள் பழைய முறையையும் புதிய முறையையும் ஒருங்கே நடத்தவேண்டும். இரண்டும் ஒத்துவருகின்றனவா என்று நாள்தோறும் பார்க்கவேண்டும். ஒத்துவராத இடத்தில் காரணம் காணவேண்டும். இதனால் வேலை சில காலம் இரட்டிப்பாகும் என்பது உண்மையே. ஆனால், நாற்றங்காலில் செலவிடும் நாள்களை எந்த உழவரும் வீண் என்று கருதுவதில்லை.

நான்காவது, மூலத்தைக் காத்தல். கோடைக்கானல் மலையில் உள்ள சூரிய ஆய்வகத்தில், 1904ஆம் ஆண்டு முதல் கதிரவனின் ஒளிப்படங்கள் எடுக்கப்பட்டு வந்தன. நூறாண்டுக் கதிரவனின் வரலாறு அந்தத் தகடுகளிலும் படச்சுருள்களிலும் அடங்கியிருக்கிறது. அவற்றை எண்ணிம வடிவிற்கு மாற்றும் பணி முதலில் ஒருமுறை நடந்தது. பின்னர், அதனினும் நுண்ணிய கருவி கிடைத்தபோது, அப்பணியை மீண்டும் செய்து, முன்பைவிடத் தெளிவான படங்களைப் பெற்றனர். ‘கணிப்பொறியில் ஏற்றியாயிற்று, இனி இவை எதற்கு?’ என்று பழைய தகடுகளை அன்றே எறிந்திருந்தால், அந்தத் தெளிவு என்றென்றும் கிட்டாமற் போயிருக்கும். நாளைய கருவி இன்றைய கருவியைவிடக் கூர்மையானதாக இருக்கும். அதற்கு உணவாக மூலத்தை விட்டுவைத்தல் நம் கடமை. கணிப்பொறியில் உள்ளதையும் ஒரே இடத்தில் வைத்தல் கூடாது. படிகள் எடுத்து, வேறு வேறு இடங்களில் வைத்துக் காக்கவேண்டும்.

ஐந்தாவதாகக் கூறுவதே எல்லாவற்றிலும் தலையாயது. அது மக்களைப் பற்றியது. ஆய்வுக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் பணியாற்றிய உதவியாளர் ஒருவர் இருப்பார். எந்தக் கருவி மழைக்காலத்தில் சற்று மிகையாகக் காட்டும், எந்த ஏட்டில் பழைய அலகு உள்ளது, ஓரத்தில் இட்ட புள்ளிக்கு என்ன பொருள் என்பன அவருக்குத்தான் தெரியும். அவை எந்த ஏட்டிலும் எழுதப்படாதவை. அவரைக் கேளாமல் திட்டம் தீட்டினால், அவ்வறிவு முழுவதும் அவரோடு வெளியேறிவிடும். மேலும், தம்மைக் கலந்துகொள்ளாமல் தம்மேல் சுமத்தப்பட்ட முறையை எவரும் விரும்பிப் பின்பற்றுவதில்லை. வெளிக்கு இசைந்து, உள்ளே பழைய துண்டுத்தாளிலேயே எழுதிக்கொண்டிருப்பர். ஆகவே, நாள்தோறும் அளவெடுப்போரைத் தொடக்கத்திலேயே கூட்டி வைத்துப் பேசவேண்டும். அவர்கள் கற்றுக்கொள்வதற்குக் காலமும் பொருளும் ஒதுக்கவேண்டும். தவறு கண்டால் அஞ்சாமல் எடுத்துச் சொல்லும் உரிமையை அவர்களுக்கு அளிக்கவேண்டும்.

இவ்வளவு இடையூறு இருக்குமானால், ஏடே போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது என்பதே என் கருத்து. ஏடு உண்மையைக் காத்தது. ஆனால், அதனைப் பேச வைக்கவில்லை. ஹாலியின் தாள்களில் ஓசோனின் வீழ்ச்சி ஆண்டுக்கணக்கில் எழுதப்பட்டிருந்தும் எவருக்கும் தெரியவில்லை. எண்கள் ஒன்றுசேர்ந்து வரைபடமாக எழுந்தபோதுதான் தெரிந்தது. மறுபுறம், கணிப்பொறி ஒன்றே போதும் என்பாரும் நிம்பஸ்-7 வரலாற்றை நினைக்கவேண்டும். அங்கே கணிப்பொறிக்கு எண்கள் குறைவில்லை. எனினும், உண்மை கண்முன் வந்தபோது, அது பிழைபோலத் தோன்றிற்று. ஏனெனில், எதிர்பாராததை ஐயுற வேண்டும் என்று மனிதர் முன்னரே அதற்குச் சொல்லிவைத்திருந்தனர். கணிப்பொறி நாம் கற்பித்ததைச் செய்யும். நாம் கற்பித்தது சரியா என்று வினவும் கடமை நம்முடையதே.

மாணவர்களாகிய நீங்களும் ஆய்வுக்கூடத்திற்குச் செல்கிறீர்கள். செய்முறைப் பதிவேட்டில் அளவுகளை எழுதுகிறீர்கள். விடை இவ்வளவு வரவேண்டும் என்று முன்னரே தெரிந்திருப்பதால், வந்த அளவை அழித்து, வரவேண்டிய அளவை எழுதும் ஆசை சில வேளைகளில் தோன்றலாம். அந்த நேரத்தில் ஹாலி நிலையத்தின் தாள்களை நினைத்துக்கொள்ளுங்கள். பனிக்காற்றில் நின்று கருவியைப் பார்த்தவர்கள், தாம் கண்டதையே எழுதினார்கள். அதனால்தான், பல ஆண்டுகள் கழித்து மற்றொருவர் அத்தாள்களைக் கணிப்பொறியில் ஏற்றியபோது உண்மை வெளிவந்தது. அவர்கள் எதிர்பார்த்ததை எழுதியிருந்தால், எந்தக் கணிப்பொறியாலும் அதனைக் கண்டுபிடித்திருக்க முடியாது. நாளை நீங்கள் பணிபுரியும் கூடங்களில் ஏடே இல்லாமற் போகலாம். அப்போதும், கண்டதைக் கண்டவாறு எழுதும் வழக்கம் இருக்கவேண்டும். அவ்வழக்கத்தை இன்றே, உங்கள் செய்முறைப் பதிவேட்டின் முதற் பக்கத்திலேயே தொடங்குங்கள்.